வெள்ளவத்தையிலிருந்து அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கொழும்பு பழகிவிட்டது. காலி வீதியில் இறங்கினால் காதில் விழுவது பாதி தமிழ்தான். காலையில் இடியப்பமும் சொதியும், நாலு மணிக்குத் தேத்தண்ணி. சிங்களத்தில் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘பத்து வருஷம் ஒரு சர்வாதிகாரி ஆண்டால்தான் நாடு உருப்படும்’ என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. கண்டிப்பான தலைவர் வேறு, சர்வாதிகாரி வேறு. கண்டிப்பானவரைப் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். சர்வாதிகாரியை அனுப்ப வழியே இருக்காது. தட்டிக்கேட்கப் பத்திரிகையோ நீதிமன்றமோ மிஞ்சாது. பழைய ரோமில் ஆபத்துக் காலத்துக்கென்று ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுப்பார்கள், அதுவும் அதிகபட்சம் 6 மாதம். சீசர் கி.மு. 44இல் அதை ஆயுள் முழுக்க என்று ஆக்கிக்கொண்டார். நீ சொல்லும் பத்து வருஷம் முடிந்ததும் ‘போதும், இறங்கு’ என்று யார் சொல்வது?

இங்கே 1982 டிசம்பரில் நடந்ததை மாமனார் அடிக்கடி சொல்வார். அப்போது சனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன. பொதுத்தேர்தல் வைக்காமல், இருக்கிற பாராளுமன்றத்தையே இன்னும் 6 வருஷம் நீட்டிக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார். சம்மதம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். “நான் குடத்துக்குத்தான் போட்டனான், பிள்ளை” என்பார் மாமனார். நூற்றுக்கு 54 பேருக்கு மேல் விளக்குக்குப் போட, விளக்கு வென்றது. ஆளுங்கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்திருந்தார் ஜே.ஆர். எல்லாம் சட்டப்படி! 1977க்குப் பிறகு 1989இல்தான் பொதுத்தேர்தல். இடையில் 83 ஜூலைக் கலவரம் வந்தது. இந்த வெள்ளவத்தையிலேயே தமிழர் வீடுகள் எரிந்தன.

இதை முழுச் சர்வாதிகாரம் என்று சொல்லமாட்டேன். நீதிமன்றங்கள் இருந்தன, 1988இல் சனாதிபதித் தேர்தலும் நடந்தது. ஆனால் ஒரு நாடு அந்தப் பக்கம் போவதற்குப் பீரங்கி வேண்டியதில்லை, ஓட்டுச்சீட்டே போதும் என்று இங்கே வந்துதான் எனக்கு உறைத்தது. 2018இல் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 7 நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். அந்தத் தீர்ப்பு சர்வாதிகாரியிடம் எடுபடுமா?

நம் இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது பேப்பர்காரர்கள் பட்ட பாட்டை அப்பாவிடம் கேள். 1976 ஜனவரி 31 அன்று கலைஞரின் ஆட்சியை மத்திய அரசு கலைத்ததையும் சொல்லச் சொல்.

பொங்கலுக்கு வருகிறோம், மிச்சச் சண்டையை அப்போது வைத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா