காசு வரும்வரை காத்திருக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழை நாடுகள் முதலில் பொருளாதாரத்தை வளர்க்கட்டும், மருத்துவத்துக்கும் படிப்புக்கும் அப்புறம் செலவழிக்கலாம் என்கிறது உங்கள் ஞாயிறு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை.

ஏழை நாடுகளிடம் காசு குறைவு என்ற கணக்கு சரிதான். பிரான்ஸில் நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் அரசு செலவழிக்கிறது. இங்கே மத்திய, மாநில அரசுகள் சேர்ந்தும் மூன்றில் ஒரு பங்கு வராது. பல ஏழை நாடுகளில் வரி வசூலே 15 சதவீதத்தைத் தொடுவதில்லை. வந்ததையும் வட்டி தின்கிறது; நம் 2024-25 மத்திய பட்ஜெட்டிலேயே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வட்டிக்கு.

ஆனால் கேரளத்தைப் பாருங்கள். 1970களில் இங்கே தலா வருமானம் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. அப்போதே எழுத்தறிவிலும் குழந்தைகளைச் சாகாமல் காப்பதிலும் முன்னால் நின்றது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் ஐ.நா.வுக்காகச் செய்த ஆய்வு 1975இல் இதைச் சொன்னது. திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாய் 1817இலேயே கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று உத்தரவு போட்டார், அதனால் முடிந்தது என்பார்கள். சரி, எங்கள் பக்கம் மலபார். சென்னை மாகாணத்தில் பின்தங்கிக் கிடந்த சீமை. 1956இல் கேரள மாநிலம் உருவான பிறகு அரசு போட்ட பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் திருவிதாங்கூரோடு இருந்த இடைவெளியைக் குறைத்தன.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வாளையார்க்காரி. செக்போஸ்டில் வரி கட்ட லாரிகள் மைல் கணக்கில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்துதான் அந்த வரிசை கலைந்தது. அந்தக் காசு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததை அப்பா படுக்கையில் விழுந்தபோது பார்த்தேன். கேரளம் 2008இல் கொண்டுவந்த பாலியேட்டிவ் (தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு) கொள்கைப்படி, பஞ்சாயத்து சிஸ்டர் வீடு தேடி வருவார். டியூபை மாற்றுவார், முதுகுப் புண்ணைக் கழுவித் துணி வைப்பார், 'ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும் சேச்சி' என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். ஒரு பைசா வாங்கியதில்லை.

செலவைச் சுருக்கினால் முதலில் நிற்பது அந்த சிஸ்டரின் வரவுதான். வட்டியை நிறுத்த முடியாதே! 2025க்குள் சுகாதாரத்துக்கு மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை இலக்கு வைத்தது. அது என்ன ஆனது என்று அடுத்த கட்டுரையை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாளையார், பாலக்காடு மாவட்டம்