எல்ஃப்களை மூன்றே கட்டத்தில் அடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மிகுபுனைவுக் கட்டுரையோடு வந்த அட்டவணை பற்றி எழுதுகிறேன். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கதைகளில் வரும் எல்ஃப்களை (மனிதரைப் போன்ற, முதுமை தொடாத மக்கள்) உயர் எல்ஃப், கானக எல்ஃப், இருள் எல்ஃப் என மூன்று கட்டங்களில் போட்டிருக்கிறீர்கள். முதல் வகை அரண்மனைவாசிகள், இரண்டாவது மரத்தின் மேல் குடியிருப்பவர்கள், மூன்றாவது நிலத்தடியில் வாழும் கருத்த மேனியர் என்று விளக்கமும் இருக்கிறது. மூன்றாவது கட்டம் முழுக்கத் தவறு. அந்த உருவம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்குச் சொந்தமானது. டோல்கீனிடம் அந்த 'இருள்' தோல் நிறம் அல்ல. கடல் கடந்து, தேவர்கள் வாழும் வாலினோர் நாட்டுக்குப் போனவர்கள், அங்கிருந்த இரு மரங்களின் ஒளியைப் பார்க்காத மற்றவர்களை எல்லாம் அப்படிச் சொன்னார்கள். அந்தக் கணக்கில், கதையின் முக்கிய எல்ஃப் வீரரான லெகோலஸின் முன்னோர்களும் அடக்கம். (அவர்களின் பழைய அரசர் திங்கோல் மட்டும் விலக்கு, தூதராகப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர்.)

எல்ஃப் குலங்கள் பிரிந்தது வாலினோரை நோக்கிய ஒரே ஒரு நெடும்பயணத்தால். யார் கிளம்பினார்கள், யார் எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்பதை வைத்தே பிரிவுகள் அமைந்தன. 1994இல் வெளியான 'தி வார் ஆஃப் தி ஜுவல்ஸ்' தொகுப்பில் இதற்கு எல்ஃப்களின் மரபுக் கணக்கே இருக்கிறது. குய்வியேனன் நீர்க்கரையில் முதன்முதலாகக் கண்விழித்த எல்ஃப்கள் 144 பேர். எல்ஃப்கள் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணுபவர்கள். அவர்கள் வழிவந்தோரை 144 பங்காக வைத்தால், அதில் 56 பங்கினர் கிளம்பவே மறுத்தார்கள், அவர்கள் அவாரி. கிளம்பியவர்களில் வன்யார் 14 பங்கு, நோல்டோர் 28, டெலேரி 46. வன்யாரில் ஒருவர்கூடப் பின்தங்கவில்லை, அதனால்தான் கடலுக்கு இப்பாலுள்ள மத்திய பூமியில் நடக்கும் கதைகளில் அவர்களை அதிகம் பார்க்க முடியாது. டெலேரியில் கடல் கடந்தது 20 பங்குதான். வழியில் மூடுபனி மலைகளைக் கண்டு மலைத்து ஆண்டுயின் ஆற்றோடு தெற்கே இறங்கியவர்கள் நாண்டோர். காணாமல் போன தங்கள் அரசர் திங்கோலைத் தேடி, மத்திய பூமியின் மேற்கு ஓரமான பெலேரியாண்டில் நின்றுவிட்டவர்களும், கடற்கரையை விட மனமில்லாமல், கப்பல் கட்டும் கீர்டானோடு தங்கியவர்களும் சிண்டார். கட்டுரையின் 'கானக எல்ஃப்' என்ற ஒரே சொல் இத்தனை பேரையும் விழுங்கிவிடுகிறது.

'மரத்தின் மேல் குடியிருப்பவர்கள்' என்ற வரிக்கு வருவோம். லோத்லோரியன் (சுருக்கமாக லோரியன்) என்ற எல்ஃப் காட்டில் அது உண்மை. மல்லோர்ன் என்ற பெருமரங்களின் கிளைகளில் பலகைத் தளம் போட்டு வாழ்ந்தார்கள். காவல் தளங்களுக்குச் சுவரும் கிடையாது, கைப்பிடிக் கம்பியும் கிடையாது. காற்றடிக்கும் பக்கத்தில் பின்னல் தட்டி ஒன்று மட்டும். அங்கே ஓர் இரவு தங்கிய ஹாபிட்களுக்கு (கதையின் நாயகர்களான சிறு உருவ மக்கள்) எப்படித் தூக்கம் வரும்! ஆனால் இது கானகக் குலத்தின் பொது வழக்கம் அல்ல. 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' (1980) தொகுப்பில் காரணத்தை டோல்கீனே தருகிறார்: லோரியன் சமவெளி, நல்ல கட்டுமானக் கல் கிடையாது, வேண்டுமானால் மேற்கு மலையில் வெட்டி ஆற்று வழியே பாடுபட்டுக் கொண்டுவர வேண்டும். அதனால் மரத்தில் ஏறினார்கள். வடக்கே மிர்க்வுட் காட்டில் குடிகளுக்குத் தரையிலும் குடிசை உண்டு, கிளையிலும் உண்டு. அவர்களின் அரசர் த்ராண்டுயிலோ (லெகோலஸின் தந்தை) குகை மாளிகையில் இருந்தார். அது சிண்டார் வழக்கம். பெலெகோஸ்ட் குள்ளர்களை வைத்துக் குடைந்து, கூலியாக முத்துகள் கொடுத்துத் திங்கோல் கட்டிய குகைத் தலைநகர் மெனெக்ரோத்தின் சாயல் அதில் இருக்கிறது.

ஆளும் குடும்பம் ஒரு குலம், குடிகள் வேறு குலம் என்ற இந்த அமைப்பைத் தவறவிட்டால் பல நிகழ்ச்சிகள் புரியாது. த்ராண்டுயிலின் தந்தை ஓரோஃபெர் சிண்டார். கிழக்கே வந்து கானகக் குடிகளின் மொழியையும் பழக்கத்தையும் தானே ஏற்றுக்கொண்டவர். நோல்டோர் அரசர் கில்-கலாட்டுக்குக் கீழே போரிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தீய அரசன் சௌரானை எதிர்த்து எல்ஃப்களும் மனிதர்களும் சேர்ந்து நடத்திய கடைசிக் கூட்டணிப் போரில், கில்-கலாட் உத்தரவு கொடுக்கும் முன்பே சௌரானின் நாடான மோர்டோர் மீது பாய்ந்தார். கானகப் படையிடம் மேற்கத்திய எல்ஃப்களுக்கு இருந்த கவசமும் இல்லை. ஓரோஃபெர் இறந்தார், போனதில் மூன்றில் ஒரு பங்குதான் த்ராண்டுயிலோடு ஊர் திரும்பியது. அந்தக் குடும்பத்தின் ஒதுங்கிய குணத்தைக் 'கானக எல்ஃப்களின் இயல்பு' என்று கட்டுரை எழுதிவிட்டுப் போகிறது. இயல்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பட்ட அடி அது.

மொழியிலும் இதே கதைதான். வாலினோரிலிருந்து திரும்பும்போது, கப்பல் கேட்டுக் கிடைக்காததால் அல்குவாலோண்டே துறைமுகத்தில் டெலேரியை வெட்டினார்கள் நோல்டோர். அங்கே அரசர் ஓல்வே, திங்கோலின் தம்பி. செய்தி தெரிந்ததும் திங்கோல் தன் ஆட்சியில் நோல்டோரின் குவேன்யா மொழி காதில் விழக்கூடாது என்று தடை போட்டார். அதன்பின் நோல்டோரும் அன்றாடம் சிண்டரின் பேசினார்கள். குவேன்யா ஏட்டுக்கும் சடங்குக்கும் என்றானது. லோரியனில் பேசியதும் சிண்டரின்தான், ஆனால் கானகக் குடிகளின் வாயில் அது வேறு தொனியில் வந்ததால், அங்கே வந்த ஹாபிட் ஃப்ரோடோவுக்குப் பிடிபடவில்லை.

நோல்டோரை 'அரண்மனைவாசிகள்' என்று ஒரு சொல்லில் முடித்ததும் சரியல்ல. அவர்கள் முதலில் கைவினைஞர்கள்: உலை, ரத்தினம், எழுத்து. நோல்டோர் கைவினைஞர் ஃபேயனோரின் தெங்வார் எழுத்துமுறை அவர்களுடையது. குச்சி குச்சியான கிர்த் எழுத்து, திங்கோலின் நாடான டோரியாத்தின் சிண்டார் அறிஞர் டேரோனுடையது. காலக்கணக்கும் உண்டு: ரிவெண்டல் என்ற எல்ஃப் குடியிருப்பின் நாட்காட்டியில் வாரத்துக்கு 6 நாள், ஆண்டுக்கு 6 பருவம். நான்கு பருவங்களுக்கு 54 நாள், கோடைக்கும் குளிருக்கும் 72 நாள், கூட்டினால் 360. முதல் நாள், கடைசி நாள், நடுவில் 3 நாள் சேர்ந்து 365. நோல்டோர் வீடுகளில் ரொட்டி சுடுவது பெரும்பாலும் பெண்கள், மற்ற சமையலை விரும்பிச் செய்வது ஆண்கள். நிச்சயத்தின்போது வெள்ளி மோதிரம் மாற்றுவார்கள். குறைந்தது ஓராண்டு கழித்துத் திருமணத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலது ஆள்காட்டி விரலில் தங்க மோதிரம் போடுவார்கள்.

மறுபதிப்பில் அட்டவணையை வைத்துக்கொள்வதானால் நான்கு நெடுவரிசைகள் போதும்: பயணத்தில் எங்கே நின்றார்கள், அரச குடும்பம் எந்தக் குலம், குடிகள் எந்தக் குலம், அன்றாட மொழி எது. லோத்லோரியன் வரியில், அதை ஆளும் கணவன் மனைவியில் கலாட்ரியல் நோல்டோர், கெலபோர்ன் சிண்டார், குடிகள் பெரும்பாலும் நாண்டோர் வழி வந்த கானக மக்கள் என்று வரும். கலாட்ரியலின் தாய் டெலேரி, தந்தையைப் பெற்ற பாட்டி வன்யார் என்பதற்கு ஓர் அடிக்குறிப்பும் வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்