விஷ்ணு பாறையும் ஒரு பி பிளஸும்

அன்புள்ள வசந்தி,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. நான் பதில் போடவில்லை என்று மாலாவிடம் குறைபட்டுக்கொண்டாயாம். அவள் அன்றைக்கே போட்டுக்கொடுத்துவிட்டாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே. கோபப்படாதே. அமெரிக்காவுக்குப் படிக்க வரப்போகிற உன் மகனைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. "தம்பியை ஜென் எட் என்கிற பொதுப் பாடங்களை ஆனர்ஸ் செக்‌ஷனில் எடுக்கச் சொல்லவா, சாதாரண செக்‌ஷனில் எடுக்கச் சொல்லவா, எதுடி ஈஸி?" என்று கேட்டிருந்தாய். அதே கேள்வியை வைத்து அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை.

இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே ஒரு டிகிரிக்குப் பொதுவாக 120 கிரெடிட். பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்று வைத்தால் நாற்பது பாடம் வரும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜென் எட். கம்ப்யூட்டர் படிக்க வந்த பிள்ளையும் வரலாறு, இலக்கியம், சமூகவியல், லேப் உள்ள ஓர் அறிவியல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் படித்தாக வேண்டும். நமக்கு பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், அன்சிலரி என்று இருந்ததே, அந்த மாதிரி. ஆனால் இங்கே எந்தப் பாடம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். ஆனர்ஸ் என்பது சின்ன வகுப்பில் கொஞ்சம் கடினமாக நடத்தும் தனித் திட்டம். அதில் சேர்ந்தவர்கள் அதற்கென்று தனியாக இத்தனை கிரெடிட் முடிக்க வேண்டும். ஜென் எட் பாடத்தையே ஆனர்ஸ் செக்‌ஷனில் எடுத்தால் பெரும்பாலும் இரண்டு கணக்கிலும் சேரும். பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

என் மகளுக்கு அறிவியல் பாடம் ஒன்று பாக்கி இருந்தது. 250 பேர் உட்காரும் ஹாலில் நடக்கும் ஜியாலஜியை எடு, அப்ஜெக்டிவ் பரீட்சை, ஏ வாங்கிக்கொண்டு மேஜரை, அதான் முக்கியப் பாடத்தைக் கவனி என்றேன். இங்கே பள்ளிக்கூடத்தில் ஆனர்ஸ் பாடமோ, ஏ.பி. என்கிற கல்லூரித் தரப் பாடமோ எடுத்தால் ஜிபிஏ-யில், அதாவது மதிப்பெண் சராசரியில், கூடுதல் புள்ளி போடுவார்கள். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் அது கிடையாது. அங்கே முட்டி மோதி வாங்கினாலும் பி பிளஸ் வெறும் பி பிளஸ்தான். அவளுக்கு ஸ்காலர்ஷிப் வேறு இருக்கிறது, ஜிபிஏ இறங்கினால் போய்விடும். நான் பயந்ததில் தப்பு இருக்கிறதா சொல்.

அவள் கேட்கவில்லை. ஆனர்ஸ் செக்‌ஷனை எடுத்தாள். மொத்தம் 19 பேர், ஒரே மேசையைச் சுற்றி. முதல் கட்டுரையே சி என்று திரும்பி வந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு நாலைந்து இடத்தில் பென்சிலால் ஒரே கேள்வி: "இது உனக்கு எப்படித் தெரியும்?" வேறு ஒன்றும் எழுதவில்லை. அதை மூன்று முறை திருப்பி எழுதினாள். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் இவள் ஹாலில் பாறைப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் பி பிளஸ். மற்றதெல்லாம் ஏ. ஸ்காலர்ஷிப்புக்கு ஆபத்தில்லை, ஆனாலும் நான் வாயை அடக்கவில்லை. "கல்லைப் படித்து என்னத்தைச் சாதிக்கப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அம்மா, ஒரு நாள் என்னோடு வா" என்றாள்.

கிறிஸ்துமஸ் லீவில் கிராண்ட் கேன்யன் போனோம். எங்கள் வீட்டிலிருந்து காரில் நாலு மணி நேரம். அந்த 19 பேரையும் இரண்டு வேனில் ஏற்றி அங்கேதான் கூட்டிப் போயிருந்தார்கள். 250 பேரை யார் கூட்டிப் போவார்கள்? தெற்கு விளிம்பில் பனி கொட்டிக் கிடந்தது. அங்கே காலப் பாதை என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம். மீட்டருக்கு மீட்டர் தரையில் வெண்கலக் குறி. அந்தந்த வயதுப் பாறையை அந்தந்த இடத்தில் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

என் மகள் ஆரம்பத்தில் கைப்பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்துக் கீழே வைத்தாள். "மனுஷ ஜாதி மொத்தமே இவ்வளவுதாம்மா, முப்பது சென்டிமீட்டர்." அப்புறம் நடந்தோம். 270 மீட்டர் போனால், பள்ளத்தாக்கின் உச்சியில் நாம் நிற்கிற சுண்ணாம்புப் பாறை. அடி ஆழத்தில் இருக்கிற பாறைக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும், 175 கோடி வருஷம். அதன் பெயர் என்ன தெரியுமா? விஷ்ணு ஷிஸ்ட்! ஷிஸ்ட் என்றால் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய ஒரு வகைப் பாறை. அங்கே பிரம்மா, சிவன் பெயரிலும் சிகரங்கள் இருக்கின்றன. நான் கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டேன். கருகருவென்று, பனியில் சில்லென்று, உள்ளே மினுக் மினுக்கென்று அபிரகம்.

அவள் கட்டுரை எழுதியது அந்தப் பாறையைப் பற்றியும் இல்லை, வசந்தி. பள்ளத்தாக்கில் அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிற மணற்கல்லுக்கு ஐம்பது கோடி வயதுக்குச் சற்று மேல்தான். இரண்டுக்கும் நடுவே நூறு கோடி வருஷத்துக்கும் மேல் காணோம். படிந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டது. இல்லாமல் போனது ஒன்று இருந்தது என்று எப்படிச் சொல்வாய், எதை வைத்துச் சொல்வாய் என்பதுதான் கட்டுரை. பனியில் நின்று அவள் எனக்கு அதை விளக்கினாள். நான் ஒன்று கேட்டேன், யோசித்துவிட்டு, "அது எனக்குத் தெரியாது, ஆனா எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு தெரியும்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நம்முடைய பார்ட் ஒன் வகுப்பு நினைவிருக்கிறதா? மூன்று டிபார்ட்மெண்டையும் சேர்த்து கேலரி ஹாலில் போடுவார்கள். அந்த மார்க் மெயினில் சேராது என்று, தமிழம்மா முன்னால் நின்று சங்கப் பாட்டு நடத்திக்கொண்டிருக்க, நாம் பின் பெஞ்சில் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு எழுதினோம். அந்த அம்மா எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினார் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு வருஷத்தில் அவர் நம் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டதில்லை. அத்தனை பேரில் எப்படிக் கேட்பார்?

ஊருக்குத் திரும்பி வந்து இந்த ஆனர்ஸ் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ஃபிராங்க் அய்டெலாட் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்து, 1922-இல் பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் தொடங்கியிருக்கிறார். சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசிப் படிப்பது, வெளியிலிருந்து ஆள் வந்து பரீட்சை வைப்பது. அது கடைசி இரண்டு வருஷத்துக்கு, மேஜர் பாடத்துக்கு. பிறகு பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் அந்தச் சின்ன மேசையை முதல் வருஷப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தன. பீஸ் கட்டுவதே அந்த மேசைக்குத்தான் என்பேன் நான்.

அதனால் தம்பியை ஆனர்ஸ் எடுக்கச் சொல். ஆனால் முதல் செமஸ்டரில் ஒன்றே ஒன்று போதும், புது ஊர், புதுச் சாப்பாடு. எடுக்கிற பாடம் எந்த ஜென் எட் பிரிவில் சேரும் என்று அட்வைசரிடம் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல், வாய்ப்பேச்சு வேண்டாம். எல்லாவற்றையும் ஆன்லைனில் முடித்துவிடலாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாயே, நம்பாதே. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும், அந்தக் கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும். முதல் கட்டுரை சி என்று வந்தால் பையன் உனக்குச் சொல்லமாட்டான். நீயாகத் துருவிக் கேட்காதே, எனக்குப் போன் பண்ணு.

அக்டோபர் லீவுக்கு அவனை இங்கே அனுப்பி வை, என் மகள் அந்தப் பாதையில் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறாள். ஸ்வெட்டர் வாங்கிப் பெட்டியை நிரப்பாதே, இங்கே இருக்கிறது. அந்த இடத்தில் உன் அம்மா போட்ட வெங்காய வடகம் ஒரு கிலோ வை.

அன்புடன்,
உன் பின் பெஞ்ச் தோழி