வழக்கு முடிந்தது, நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர்

எல்லோருக்கும் வணக்கம். என் நஷ்டஈட்டு வழக்கு போன வாரம் முடிந்துவிட்டது. விசாரணை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எதிர்த்தரப்பு இறங்கி வந்து, பொறுப்பை ஒத்துக்கொண்டு, ஒரு தொகைக்குச் சம்மதித்தது. எவ்வளவு என்பதை வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் அதை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். கம்பெனியின் பெயரையும் எழுதப்போவதில்லை. மற்றதையெல்லாம் எழுதியே ஆக வேண்டும். நான் போராடி ஜெயித்துவிட்டேன் என்று பலர் வாழ்த்துகிறீர்கள். ஆனால் நான் ஆஸ்பத்திரியில் அரை நினைவில் கிடந்த நாட்களிலேயே வேறு சிலர் இந்த வழக்கைப் பாதி ஜெயித்து வைத்திருந்தார்கள். இது அவர்களுக்கான கடிதம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய லாண்டரி ஒன்றில் ஸ்டீம் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெஷினுக்குப் போகிற நீராவிக் குழாயின் இணைப்பு ஒருநாள் பிய்த்துக்கொண்டது. வலது கை முழுவதும், கழுத்தின் ஒரு பக்கம், மார்பில் ஒரு பகுதி வெந்துபோயிற்று.

முதல் நன்றி பக்கத்து மெஷினில் வேலை பார்த்த அண்ணனுக்கு. அண்ணா, ஆளாளுக்கு ஐஸ் வை, களிம்பு தடவு என்று கத்திக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒருவர்தான் என்னை இழுத்துப்போய் ஓடுகிற தண்ணீரில் கையை வைத்து, 20 நிமிடம் ஆகும்வரை எடுக்கவே விடவில்லை. எப்போதோ முதலுதவிப் பயிற்சியில் கேட்டது என்று பிறகு சொன்னீர்கள். விரல்களுக்கு இன்று இருக்கிற அசைவில் அந்தத் தண்ணீருக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று டாக்டரே சொன்னார். அதோடு நிற்காமல், என்னை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் திரும்பிப் போய் அந்த உடைந்த இணைப்பை நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வைத்தீர்கள். மறுநாள் காலையிலேயே குழாயை மாற்றிவிட்டார்கள், பழைய துண்டு எங்கே போனது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. உங்கள் படங்கள் இல்லையென்றால் எது உடைந்தது என்று காட்ட எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது. அதே இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்தக் கம்பெனிக்கு எதிராக சாட்சி சொல்ல ஒத்துக்கொள்வது என்ன மாதிரியான காரியம் என்று எனக்குத் தெரியும். அண்ணி எத்தனை இரவு பயந்தார்கள் என்பதும் தெரியும். அண்ணி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது, முகமே தெரியாத ஒருவருக்கு. பராமரிப்புப் பதிவேட்டைக் கோர்ட் உத்தரவு வாங்கி எங்கள் வக்கீல் வரவழைத்தபோது, விபத்துக்குச் சில வாரம் முந்தைய பக்கத்தில், நைட் ஷிஃப்டில் இருந்த யாரோ ஒருவர் அந்த இணைப்பில் ஆவி கசிகிறது, பார்க்கவும் என்று எழுதி வைத்திருந்தது கிடைத்தது. பக்கத்தில் எந்த நடவடிக்கையும் குறிக்கப்படவில்லை. ஒரே ஒரு வரிதான். கம்பெனிக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். கையெழுத்து சுருக்கமாகக் கிறுக்கியிருந்ததால் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நண்பரே, இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் வக்கீல் அம்மா எனக்குச் சொன்ன ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். 1992-ல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயதுப் பாட்டியின் மடியில் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டியது. உலகமே அதை வைத்துச் சிரித்தது, காபி கொட்டினதுக்கெல்லாமா கேஸ் என்று. ஆனால் அவருக்கு மூன்றாம் நிலைத் தீக்காயம், அதாவது தோலின் முழு ஆழமும் வெந்த காயம்; வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டும் தோல் ஒட்டு சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. முதலில் அவர் கேட்டது மருத்துவச் செலவையொட்டி 20,000 டாலர், கம்பெனி தருகிறேன் என்றது 800. வழக்கில்தான் தெரிந்தது, அதே போலச் சூடான பானத்தால் வெந்ததாக அதற்கு முன்பே 700-க்கும் மேற்பட்ட புகார்கள் கம்பெனியிடம் இருந்தன என்பது. ஜூரி அவர் மீதும் 20 சதவீதப் பிழை இருக்கிறது என்று சொல்லி அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைத்தது, மீதிப் பொறுப்பைக் கம்பெனி மேல் வைத்தது. என் விஷயத்திலும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது இதைத்தான்: நான் நிற்கக் கூடாத இடத்தில் நின்றேன், கையுறை போடவில்லை, ஆகவே என் பங்கும் இருக்கிறது. அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. பதிவேட்டின் அந்த ஒரு வரியும் அண்ணனின் படங்களும் வந்த பிறகுதான் அது அடங்கியது.

தீக்காயப் பிரிவின் சிஸ்டர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? டிரஸ்ஸிங் மாற்றுகிற நேரம் எப்படி இருக்கும் என்பது அங்கே படுத்தவர்களுக்குத் தெரியும். அதற்கு நடுவிலும் மூத்த சிஸ்டர் ஒருவர், என் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தேதி எழுதிய சீட்டையும் ஒரு அளவுகோலையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். அன்றைக்கு எனக்கு அது எதற்கென்றே புரியவில்லை. தீக்காயத்தின் ஆழம் முதல் நாளே முழுதாகத் தெரிவதில்லை, இரண்டு மூன்று நாளில் உள்ளே இன்னும் ஆழமாகப் போகலாம். என் முதல் நாள் குறிப்பில் அதைவிட ஆழம் குறைந்த இரண்டாம் நிலை என்றுதான் இருந்தது, கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர்கள் அந்த ஒரு தாளையே தூக்கிப் பிடித்தார்கள். சிஸ்டர் எடுத்த படங்களை வரிசையாக வைத்தபோது முழங்கைக்கு மேலே தோல் வெளுத்து, பதனிட்ட தோல்போல் விறைத்துப் போவது நாளுக்கு நாள் கண்ணுக்கே தெரிந்தது. அந்த இடத்தில் எனக்கு வலியே இல்லை என்று நான் சொன்னதைக்கூடக் குறித்து வைத்திருந்தார், நரம்பு நுனிகள் கருகியதால்தான் வலி இல்லை என்பது பிறகு டாக்டரின் அறிக்கையில் வந்தது.

டாக்டர் ஐயாவுக்கும் அதே அளவு நன்றி. உடம்பின் பரப்பில் எத்தனை சதவீதம் வெந்தது என்று கணக்கிட ஒன்பதுகளின் விதி என்று ஒன்று இருக்கிறது: பெரியவர்களுக்கு ஒரு முழுக் கை 9 சதவீதம், ஒரு கால் 18, நெஞ்சும் வயிறும் சேர்ந்த முன்பக்கம் 18, முதுகுப் பக்கம் 18. அந்தக் கணக்கில் என் காயம் சின்ன எண். எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னதும் அந்தச் சின்ன எண்ணைத்தான். சதவீதம் சொல்வது வேறு, வலது முழங்கை மடங்கி நின்றுவிட்டால் ஒரு தொழிலாளி என்ன ஆவான் என்பது வேறு என்று அவர் அறிக்கையில் பொறுமையாக எழுதினார். ஒட்டுத் தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது, அதனால் சூடான இடத்தில் நான் இனி வேலை பார்ப்பது கஷ்டம், தழும்பு இறுகினால் அதை விடுவிக்க இன்னும் அறுவைகள் தேவைப்படலாம், வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரவில் அரிப்பு நீண்ட காலம் இருக்கும். ஒவ்வொன்றும் நஷ்டஈட்டில் ஒரு தனித் தலைப்பாக மாறியது.

பிசியோதெரபி தம்பி, உன்னையும் மறக்கவில்லை. நான் அழுதாலும் திட்டினாலும் ஒவ்வொரு தடவையும் கோணமானியை வைத்து முழங்கை எத்தனை டிகிரி நீள்கிறது என்று அளந்து எழுதினாய் அல்லவா, அந்தத் தாள்தான் கை முழுதாகக் குணமாகிவிட்டது என்ற வாதத்தை நிறுத்தியது.

இப்போது அக்கா. அக்கா, உனக்கு எழுதும்போதுதான் கை நிற்கிறது. குளிப்பாட்டியது, ஊட்டிவிட்டது, அரிப்பில் தூங்காமல் புரண்ட இரவுகளில் கூடவே உட்கார்ந்திருந்தது எல்லாம் நீ. அதோடு ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதி வைத்தாய்: இன்று சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, இன்று கெட்டிலின் சீறல் சத்தம் கேட்டு நடுங்கிவிட்டான், இன்று காலை இத்தனை மணி முதல் நான் கூட இருந்தேன். பில்களையும் அதே நோட்டுக்குள் சொருகி வைத்தாய். வீட்டு ஆள் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டதையும் பல நாட்டுச் சட்டங்கள் ஒரு இழப்பாகவே கணக்கில் எடுக்கும் என்று வக்கீல் அம்மா சொன்னபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு அது பணக் கணக்காகத் தோன்றவில்லை அக்கா. நீ செய்தது வேலைதான் என்று ஒரு சட்டத் தாளில் எழுதியிருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. கெட்டில் பற்றிய உன் வரியைப் படித்துத்தான் மனநல ஆலோசகரிடம் என்னை அனுப்பினார்கள், அந்த அம்மாவின் அறிக்கையும் ஃபைலில் சேர்ந்தது.

வக்கீல் அம்மாவைப் பற்றி நிறைய எழுதலாம். காயம் ஆறுவதற்கு முன்னாலேயே இன்சூரன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு செக்கும், இத்துடன் எல்லாம் முடிந்தது என்று எழுதிய ஒரு தாளும் வந்தது. வீட்டு நிலைமைக்கு அந்தப் பணம் பெரியது. கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எத்தனை அறுவை வந்தாலும் ஒன்றும் கேட்க முடியாது, தழும்பு முதிர ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடம்வரை ஆகும், அதுவரை உன் நஷ்டம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது, பொறு என்றார். காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. வழக்குத் தாக்கல் செய்யும் காலக்கெடு தாண்டாமல் முதலில் மனுவைப் போட்டார், அப்புறம் வழக்கு முடியும் முன்பே கிடைக்கும் இடைக்காலத் தொகை கேட்டு வாங்கித் தந்தார். அது வரும்வரை கடன் கொடுத்துத் தாங்கிய நண்பர்களே, உங்கள் ஒவ்வொருவர் பெயரும் என்னிடம் எழுதி இருக்கிறது, இந்த மாதத்துக்குள் திருப்பிவிடுவேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் போன் செய்து ஞாபகப்படுத்திய குமாஸ்தா ஐயாவுக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒருவர். எனக்கு முன்பே வெந்து மீண்டவர், வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு யாரையோ பார்க்க வந்து எனக்கும் உறவாகிவிட்டவர். தழும்பை அழுத்தித் தட்டையாக்கும் இறுக்க உடையை ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும் என்று கேட்டதும் நான் உடைந்துபோனேன். உங்கள் சட்டைக் கையை மடித்து, தட்டையாகிப்போன உங்கள் தழும்பைக் காட்டி, இதுக்குத்தான் தம்பி என்றீர்கள். அந்த உடைகள் தொய்ந்துபோய் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கேட்கச் சொல் என்று சொன்னதும் நீங்கள்தான், வக்கீல் பட்டியலில் அது விட்டுப்போயிருந்தது.

யாருக்காவது வீட்டில் இப்படி ஒரு காயம் நேர்ந்திருந்தால், வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். வெந்த அன்று போட்டிருந்த துணியை வீசிவிடாதீர்கள், உடைந்த பொருளைச் சரிசெய்யக் கொடுத்துவிடாதீர்கள். அக்காவின் நோட்டு எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால் எழுதுங்கள், சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன், அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

முழங்கை அறுவை அடுத்து இருக்கிறது, அதற்கான பணம் இப்போது கையில் இருக்கிறது. முதல் தோல் ஒட்டு அறுவைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் இரண்டு பேரின் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்றவர்கள் யார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், அவர்களுக்கும் எழுத வேண்டும்.