மூணாவது வருஷப் பசங்களுக்கு என்ன வழி சொல்றீங்க? எங்க காலேஜ் போர்டுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போர்டு உறுப்பினர்களுக்கும், இந்தக் காலேஜை ஆரம்பிச்ச சபையோட சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

என் பொண்ணு மூணாவது வருஷம் படிக்கற இந்தக் காலேஜ நீங்க மூடறத பத்தி, இதுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல ரெண்டு மெயில் போட்டேன். ரெண்டுக்கும் "உங்கள் அக்கறைக்கு நன்றி"ன்னு ஒரே ஆட்டோ ரிப்ளைதான், அதுல என் பேரு கூட இல்ல. அதான் இந்தத் தடவ தமிழ்லயே எழுதறேன். நீங்க வேணும்னா யாரையாவது வெச்சு படிச்சுக்கோங்க, இல்லன்னா அமெரிக்காவுல பிள்ளைங்கள சின்ன காலேஜ்ல சேர்க்கலாமான்னு யோசிக்கற நம்மாளுங்களாவது படிக்கட்டும்.

போன மாசம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஆபீஸ் பூட்டற நேரம் பாத்து அனுப்பினீங்களே, அந்த மெயில நான் உங்களுக்கே விளக்க வேண்டியதில்ல. நீண்ட ஜெபத்துக்கும் ஆலோசனைக்கும் பிறகு மே மாசத்தோட காலேஜ மூடறோம்னு. அந்த ஜெபம் நடந்துட்டு இருந்தப்பதான் போல, அடுத்த வருஷ டார்ம் (ஹாஸ்டல்) ரூமுக்கு 250 டாலர் டெபாசிட் வாங்கினீங்க.

ஏன் மூடறீங்கன்னு சண்டை போட வரல. கணக்கு எனக்கும் புரியுது. 2008க்கு அப்புறம் இந்த நாட்டுல பிறப்பு குறைஞ்சுது, அந்தப் பசங்கதான் இப்ப காலேஜுக்கு வர்ற வயசு. அப்புறம் ஒரு காலத்துல சிஸ்டர்ஸ் பேருக்குக் கொஞ்சம் சம்பளம் வாங்கிட்டு பாடம் எடுத்ததாலதான் இந்த மாதிரி காலேஜெல்லாம் நின்னுச்சு, 1965ல இங்க சுமார் 1,80,000 சிஸ்டர்ஸ் இருந்தாங்க, இன்னைக்கு 40,000 கூட இல்ல. இதே மாதிரி காலேஜுங்கள்ல ஓக்லண்ட்ல ஹோலி நேம்ஸ் 2023ல மூடிப் போச்சு, ஆல்பனில செயின்ட் ரோஸ் 2024ல. அதே வருஷம் ஃபிலடெல்ஃபியா பக்கத்துல கப்ரினியும் போச்சு, புலம்பெயர்ந்தவங்களுக்கெல்லாம் பாதுகாவலர்னு சொல்ற புனிதையோட பேரு வெச்ச இடம் அது. ஆனா கப்ரினி ஒரு வருஷம் முன்னாடியே சொல்லுச்சு. செயின்ட் லூயிஸ்ல ஃபான்ட்பான், 2024 மார்ச்ல அறிவிச்சு 2025 கோடை வரைக்கும் ஓட்டினாங்க. நீங்க எங்களுக்குக் குடுத்தது பத்து வாரம்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மூணாவது வருஷப் பசங்களோட எல்லா கிரெடிட்டையும் எடுத்துக்கற மாதிரி, ஒரு காலேஜ் கூடயாவது முறையா எழுதிக் கையெழுத்துப் போட்ட டீச்-அவுட் அக்ரிமென்ட், அதாவது மூடற காலேஜோட பசங்கள இன்னொரு காலேஜ் எடுத்து டிகிரிய முடிக்க வைக்கற ஒப்பந்தம் வேணும்.

பார்ட்னர் காலேஜ்னு நீங்க போட்ட லிஸ்ட்ட சொல்லாதீங்க ப்ளீஸ். அதுல இருக்கற ஒண்ணுக்கு என் பொண்ணு டிரான்ஸ்க்ரிப்ட் அனுப்பினா. போன சனிக்கிழமை பதில் வந்துச்சு. டைனிங் டேபிள்ல பிரிண்ட் எடுத்து வெச்சுட்டு மஞ்ச ஹைலைட்டர் எடுத்து ஒவ்வொரு வரியா போனா, நான் தோசை ஊத்திட்டே பாத்துட்டு இருந்தேன். இந்த மேயோட அவ முடிக்கப் போறது 90 கிரெடிட், டிகிரிக்கு வேண்டியது 120, அதாவது இன்னும் ஒரே வருஷம். அவங்க சொல்றது, கடைசி 60 கிரெடிட் எங்க கிட்டதான் படிக்கணும், அது எங்க ரூல். அப்ப 90 கொண்டு போனாலும் 60தான் செல்லும், மீதி 30 காத்துல. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. நீங்க கட்டாயம்னு வெச்ச தியாலஜி ரெண்டு, ஃபிலாசஃபி ரெண்டு எல்லாம் "பொது எலெக்டிவ்"னு ஒரு ஓரமா போட்டிருக்காங்க. அதுல ஒரு கோர்ஸ் மனித மாண்பு பத்தி. அந்த வரி வந்தப்ப அவ சிரிச்சா, அப்புறம் ஹைலைட்டர மூடி வெச்சுட்டு ரூமுக்குப் போயிட்டா. தோசை ஆறிப் போச்சு.

இந்த 60 கிரெடிட் ரூல தள்ளி வைக்கத்தானே டீச்-அவுட் அக்ரிமென்ட்னு ஒண்ணு இருக்கு? மூடற காலேஜ் உக்காந்து பேசினா கிடைக்கறது அது. தனியா ஒரு பொண்ணு மெயில் போட்டா கிடைக்காது.

பணத்த பத்தியும் சொல்லிடறேன். என் பொண்ணு 21 வயசானதும் ஹெச்-4 (அப்பா அம்மாவோட வேலை விசாவ ஒட்டி வர்ற விசா) முடிஞ்சு எஃப்-1க்கு (ஸ்டூடன்ட் விசா) மாறிட்டா, இந்த ரெண்டு விசாலயும் ஃபெடரல் லோன், அதாவது அரசாங்கக் கடன் கிடையாது. காலேஜ் மூடினா லோன தள்ளுபடி பண்ணுவாங்கன்னு உங்க மெயில்ல ஒரு லிங்க் இருந்துச்சே, அது ஃபெடரல் லோனுக்கு மட்டும்தான். நாங்க வாங்கினது பிரைவேட் லோன், என் வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு ஒருத்தர் கோ-சைன் பண்ணினது. அவர் கிட்ட போயி இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுங்கண்ணான்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது? அது போக, எஃப்-1க்கு காலேஜ் குடுக்கற ஐ-20ங்கற பேப்பர் வேற காலேஜுக்கு மாறலன்னா இந்த நாட்டுல இருக்கவே முடியாது. இது எதுவுமே உங்க அஞ்சு பக்க கேள்வி-பதில்ல இல்ல. ஃபுட்பால் டீமோட ஜெர்சி, கோப்பையெல்லாம் என்னாகும்ங்கறதுக்கு ஒரு முழு பாரா இருக்கு!

சொல்லக் கூடாதுன்னுதான் நினைச்சேன். பசங்க குறையறாங்கன்னு தெரிஞ்சும் ரெண்டு வருஷம் முன்னாடி செயற்கைப் புல் கிரவுண்டு போட்டீங்க, போன வருஷம் லோகோவ மாத்தினீங்க, பழசுல இருந்த சிலுவை கொஞ்சம் சின்னதாச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். லைப்ரரில ஏசி அதே தண்ணிய சொட்டிட்டு இருக்கு. சரி, விடுங்க.

எங்க அம்மா ஊர்ல சிஸ்டருங்க நடத்தின ஸ்கூல்ல படிச்சவங்க. பேத்திய எங்க சேர்க்கறோம்னு ஃபோன்ல சொன்னப்ப, ஃபீஸ் எவ்ளோ, ரேங்க் என்னன்னு எதுவும் கேக்கல, "சிஸ்டருங்க காலேஜா, அப்ப கவலையில்ல"ன்னு வெச்சுட்டாங்க. மூடற விஷயத்த அவங்க கிட்ட இன்னும் சொல்லல.

அதனால தயவுசெஞ்சு கேட்டுக்கறேன். கமென்ஸ்மென்ட்டுக்கு (பட்டமளிப்பு விழாவுக்கு) முன்னாடி, எழுத்துல, கையெழுத்தோட, மூணாவது வருஷப் பசங்களுக்கு அந்த ஒரு அக்ரிமென்ட். சிஸ்டர்ஸ், போர்டுல உங்களுக்கு இன்னும் சீட் இருக்கு, நீங்களாவது அடுத்த மீட்டிங்ல இதக் கேளுங்க.

அந்த 250 டாலரையும் திருப்பி அனுப்பிடுங்க. போர்ட்டல்ல இன்னும் "ரூம் உறுதி"ன்னு பச்சைக் கலர்ல காட்டுது.

இப்படிக்கு,
ஒரு ஜூனியரோட (மூணாவது வருஷப் பொண்ணோட) அம்மா