டெர்ம் முடிவும் போன் விஷயமும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்த டெர்ம் நல்லபடியா முடிஞ்சுது. ஸ்போர்ட்ஸ் டே, சயின்ஸ் எக்ஸிபிஷன், பேச்சுப்போட்டி எல்லாத்துலயும் பசங்க ஆர்வமா கலந்துகிட்டாங்க, எல்லாருக்கும் வாழ்த்துகள். ரிப்போர்ட் கார்டுல கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க.

இப்போ ஒரு முக்கியமான விஷயம். முதல் பீரியட்லயே பெஞ்சுல தலைய சாய்ச்சு தூங்குற பசங்க இந்த டெர்ம்ல அதிகமாயிட்டாங்க, கேட்டா ராத்திரி கேம்னு சொல்றாங்க. வீட்டுக்கு போன் பண்ணினா பல பேர் "நாங்க இன்டர்நெட்டையே பிளாக் பண்ணிட்டோமே"ன்னு சொல்றீங்க. உங்க அக்கறை எங்களுக்குப் புரியுது. ஆனா நீங்க பிளாக் பண்ணினது வெப்பை மட்டும்தான், இன்டர்நெட் அப்படியேதான் ஓடிக்கிட்டிருக்கு.

இன்டர்நெட்ங்கிறது உலகம் பூரா இருக்குற கம்ப்யூட்டர், போன் எல்லாத்தையும் கேபிள், சிக்னல் வழியா இணைக்கிற நெட்வொர்க். 1969ல அமெரிக்காவுல ஆர்பாநெட்ங்கிற ஆராய்ச்சி நெட்வொர்க்கா சின்னதா ஆரம்பிச்சது, 1983 ஜனவரி 1ல இருந்து இன்னிக்கும் நாம பயன்படுத்துற டிசிபி ஐபி முறைக்கு, அதாவது கம்ப்யூட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்புற பொது விதிகளுக்கு, மாறிச்சு. வெப் அதுக்கு மேல ஓடுற பல சர்வீஸ்ல ஒண்ணு, 1989ல செர்ன்ங்கிற ஐரோப்பிய இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ யோசிச்சது, லிங்க்கை தட்டினா இன்னொரு பக்கம் திறக்குதே அதுதான். ஈமெயில் 1971லயே வந்தாச்சு, அப்போ வெப்னு ஒண்ணே கிடையாது. அதனால பிரவுசரை எடுத்துட்டாலும், வெப்சைட் ஃபில்டர் போட்டாலும், கேம், வீடியோ கால், மெசேஜ் எல்லாம் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு அம்மா தன் பையனோட போனை எங்ககிட்ட காட்டினாங்க. பிரவுசர் ஐகானே இல்ல. கேமை திறந்தோம், ஓரத்துல மைக் ஐகான் எரியுது, யாரோ ஒரு பெரிய ஆம்பளை குரல் அந்தப் பையனோட கேம் பேரை சொல்லிக் கூப்பிடுது. அவங்களுக்கு கை நடுங்கிடுச்சு, எங்களுக்கும்தான்.

அதனால கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். ராத்திரி போன் பசங்க ரூம்ல இருக்கவே கூடாது. வைஃபையை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, சிம்ல மொபைல் டேட்டா இருந்தா அது வழியா ஓடும், அதையும் பாருங்க. செட்டிங்ஸ்ல டேட்டா யூசேஜ் திறந்தா எந்த ஆப் எவ்வளவு டேட்டா இழுத்திருக்குன்னு தெரியும், பிரவுசர் ஹிஸ்டரியை மட்டும் பார்த்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. கேம் செட்டிங்ஸ்ல வாய்ஸ் சாட்டை நிறுத்திடுங்க, தெரியாதவங்க ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாத மாதிரி வைங்க. ஸ்கூல் பேக்ல போன் இருந்தா ஆபீஸ்ல வாங்கி வச்சுடுவோம், நீங்களே நேர்ல வந்துதான் வாங்கிக்கணும், இதுல விதிவிலக்கு கிடையாது.

வேலை, வீடு, பசங்க படிப்புன்னு நீங்க எவ்வளவு இழுபறியில இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும், அதுக்கு நடுவுலயும் கூப்பிட்டா உடனே வர்றீங்க, ரொம்ப நன்றி. அடுத்த மீட்டிங்குக்கு பசங்க போனையும் எடுத்துட்டு வாங்க, நம்ம கம்ப்யூட்டர் டீச்சர் கூட உக்காந்து ஒவ்வொரு செட்டிங்கா மாத்திக் குடுப்பாங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்