வெருகல் ஆற்றங்கரைச் சனத்துக்கு நன்றி

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்த எங்கள் குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன். பாதயாத்திரை என்றாலே உகந்தை, குமண, யால என்று காட்டுக் கதைதான் எல்லாரும் கேட்பார்கள், யானையைக் கண்டீர்களா என்பார்கள். சரி, கண்டோம். ஆனால் எங்களில் சிலர் காடு வரை போய்ச் சேர்ந்ததே திருகோணமலை மாவட்டத்து வெருகல் சனத்தால்தான்.

மூதூர் தாண்டி ஈச்சிலம்பற்றுப் பக்கம் வரும்போது கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது, தார் ரோட்டில் வெறுங்கால், வேல் தூக்கி வந்த சாமிக்கே நடை தளர்ந்துவிட்டது. அப்படி வந்தவர்களை நிறைகுடம் வைத்து வரவேற்று, காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சித்திரவேலாயுதர் கோயில் மண்டபத்தில் பாய் விரித்துத் தந்தீர்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கடைசியில் சட்டித் தயிர். எத்தனை பேர் வருவோம் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, ஆனாலும் ஒருவருக்கும் குறையவில்லை.

அப்புறம் அந்த அம்மா. என் குதிக்காலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்ததும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஊசியை விளக்குச் சுடரில் காட்டி, ஓரமாகக் குத்தி நீரை எடுத்து, துவைத்த பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டார். நான் காலை இழுக்க இழுக்க, "சும்மா இருங்க சாமி" என்று ஒரு அதட்டல்!

குளிக்கப் போனபோது கூடவே வந்த பெடியன்களையும் சொல்ல வேண்டும். அது மகாவலியின் கிளை ஆறு, முதலை இருக்கிற தண்ணீர். எந்த இடத்தில் இறங்கலாம் என்று காட்டிவிட்டு, நாங்கள் கரையேறும் வரை கட்டையால் தண்ணீரை அடித்துக்கொண்டே நின்றார்கள். காசு நீட்டினோம், வாங்கவில்லை.

2004இல் கடல் வந்த கரை, 2006இல் சண்டையோடு வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து வீடு வாசலைத் தொடக்கத்தில் இருந்து கட்டிய சனம். இவர்களிடம் மிச்சம் மீதி இருந்து கொடுக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்குப் பின்னால் வந்த குழுக்களுக்கும் இதே கவனிப்புத்தானாம், கதிர்காமத்தில் சந்தித்தபோது சொன்னார்கள்.

காலையில் பாலம் வரை வந்து அரோகரா சொல்லி வழியனுப்பினீர்கள். அவசரத்தில் ஒழுங்காக விடைபெறக்கூட முடியவில்லை. வெருகலில் யாராவது இதைப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவரிடம் போன் இல்லை. கால் ஆறிவிட்டது என்றும் சொல்லுங்கள்.